பச்சைச் சட்டைப் பையன்

இது நடந்த கதை. கட்டிவிடும் பழக்கம் எனக்கு இல்லை, அதற்கு நேரமும் இல்லை. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், கோபமில்லை. ஆனால் காரைக்காலில் என் கடையில் கேம் ஏற்றிய பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் பெயர் இக்பால். சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வருவார்கள். நாம் சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய அதே பழைய பெட்டிதான், குட்டியாக்கி விற்கிறார்கள். உள்ளே இருபது முப்பது கேம்தான் இருக்கும். பத்து நாளில் பிள்ளைக்கு அலுத்துவிடும். அப்புறம் என்னிடம் வருவார்கள். லேப்டாப்பில் மாட்டி, பூட்டை உடைத்து, முந்நூறு கேம் ஏற்றிக் கொடுப்பேன்.

என் வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் கேம் பொறுக்கி, படம் ஒட்டி, ஓட்டிப் பார்த்து ஏற்றினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்தச் சிரமத்தை நான் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் பட்டேன். அது கிளிஞ்சல்மேட்டு முத்தையன் அண்ணனுடையது. ஃபைபர் படகு வைத்திருப்பவர். அந்தப் பெட்டி ஏதோ ரிப்பேர் என்று இரண்டாம் முறை வந்தபோது, உள்ளே இருந்ததை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு வந்த எல்லாப் பெட்டிகளுக்கும் அந்த நகல்தான். கேம் மட்டுமல்ல, அந்த வீட்டுப் பிள்ளைகள் எதுவரை விளையாடி நிறுத்தினார்கள் என்பதும் சேர்ந்தே போகும். போனால் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் தொடாமல் வைத்தால் சும்மா இருக்காது. கடைசியாக விளையாடியதைப் பதிவிலிருந்து எடுத்துத் தானே திரையில் ஓட்டிக் காட்டும். கம்பெனியே வைத்த வசதி அது. பயப்பட ஒன்றுமில்லை என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன நவம்பர் மழையில் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து விடுமுறை விட்டார்கள். என் மகள் நௌஷினுக்கு எட்டு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் அவள் உம்மாவைப் பிய்த்து எடுத்துவிட்டாள். என் மனைவி நஜீபா போன் செய்து, "எதையாவது கொண்டாங்க. இல்லன்னா இவள கடையிலயே கொண்டாந்து விட்டுருவேன்" என்றாள். கேம் ஏற்றி முடித்தும் திரும்ப வாங்கிப் போக ஆள் வராத பெட்டி ஒன்று கடையில் கிடந்தது. ஒரு ரிமோட்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்கு அது போதும் என்று எடுத்துப் போனேன்.

எங்கள் வீடு திருமலைராயன்பட்டினத்தில். கொல்லைக் கதவைத் திறந்தால் பத்தடியில் குளம். மழையில் தளும்பிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டே வைப்போம். நௌஷின் முக்காலி போட்டு ஏறினாலும் அது எட்டாது.

அவளுக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு கேம். சிவப்புச் சட்டைப் பையன் பள்ளம் தாண்டி, பாலம் தாண்டி ஓடுவான். இரண்டாவது ரிமோட்டை மாட்டினால் கூடவே பச்சைச் சட்டைப் பையனும் வருவான். மாட்டாவிட்டால் வரமாட்டான்.

இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"போடா, நீ முன்னாடி போ."

எட்டிப் பார்த்தேன். திரையில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் ஆடுதும்மா" என்றேன்.

"இல்ல வாப்பா. கம்ப்யூட்டரா இருந்தா எனக்காக நிக்காது. இவன் நிக்கிறான்."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பச்சைச் சட்டைப் பையன் பள்ளத்தின் விளிம்பில் நின்றான். அசையவில்லை. அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரு குதி குதித்தான். பிள்ளைகள் கூட்டாளியைப் பார்த்தால் குதிப்பார்களே, அப்படி.

குனிந்து பெட்டியைப் பார்த்தேன். இரண்டாவது ரிமோட் மாட்டும் ஓட்டை காலியாக இருந்தது. தூசி படிந்திருந்தது. கடைப் பழக்கத்தில் ஊதிவிட்டேன். அப்புறம்தான் முதுகு சில்லிட்டது.

ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியைப் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தேன். ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை விடவே இல்லை. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. மணி 5.58. நஜீபா உள் அறையில் தொழுதுகொண்டிருந்தாள்.

கூடத்தில் டிவி ஓடியது. எதிரே யாரும் இல்லை.

பெட்டி டிவிக்குக் கீழே இருந்தது. ரிமோட் தரையில் கிடந்தது. பதிவுதான் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் பச்சையும் ஓடி வந்தார்கள். அந்த கேமை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தவன்! அடுத்து ஆறு வரும், ஆற்றின் மேல் பாலம் வரும்.

ஆறு வந்தது.

பாலம் இல்லை.

பச்சைச் சட்டைப் பையன் தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் நின்றான். திரும்பினான். காத்திருந்தான்.

சிவப்பு கரையிலேயே நின்றது. ஓரடி முன்னால் வைத்தது. நின்றது. இன்னும் ஓரடி...

டொக்... டொக்...

கொல்லைப் பக்கம் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"நஜீபா! புள்ள எங்க?"

அவள் தொழுகை முடித்துச் சலாம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். "டிவி முன்னாடிதானே இருந்தா... பெட்டிய நீங்க எடுத்துக் கொடுத்ததா சொன்னா."

நான் கொடுக்கவில்லை.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? தரையில் கிடந்த ரிமோட்டை எடுத்து, சிவப்பைக் கரைக்கு இழுக்க இடது பட்டனை அழுத்தினேன். அழுத்தினேன், அழுத்தினேன்... ஓடுவது பதிவு. பட்டனுக்கு அது கேட்காது. இது எனக்குத் தெரியும், ஊருக்கே சொன்னவன் நான். ஆனாலும் கை விடவில்லை.

சிவப்பு இடுப்பளவு இறங்கிவிட்டது.

மார்பளவு.

ரிமோட்டை எறிந்துவிட்டு ஓடினேன். கொல்லைக் கதவின் மேல் தாழ்ப்பாள் திறந்திருந்தது.

குளத்தில் நௌஷின் நின்றாள். கழுத்தளவு தண்ணீர். வலது கை முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

"நௌஷின்!"

திரும்பவில்லை.

குதித்தேன். அவள் இடுப்பைக் கட்டி இழுத்தேன். வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை... இருபது கிலோ இருப்பாளா? என் பலம் முழுக்கப் போட்டும் வரவில்லை. அந்தப் பக்கமும் இழுத்தது.

ஆபத்தில் ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. என்னால் ஆனது அவ்வளவுதான். அழுதேன். "விட்டுரு... எம் புள்ளடா... விட்டுரு."

விட்டுவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அவன் தனியா இருக்கான் வாப்பா."

திரையில் பதிவு முடியவில்லை. தண்ணீருக்குள் பச்சைச் சட்டைப் பையன் மட்டும் நின்றான். அந்த கேமில் ஆட்கள் பக்கவாட்டில்தான் நடப்பார்கள், நேரே பார்க்கிற படமே அதில் கிடையாது.

அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளிஞ்சல்மேடு போனேன். முத்தையன் அண்ணன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்ததும் அவர் கை நின்றது.

"இத ஏன் இங்க கொண்டாந்தீங்க பாய்?"

"உங்க பையன் இதுல எப்படி ஆடுவான் அண்ணே?"

"மாறனா? ரெண்டாவது ரிமோட்டுதான் எடுப்பான். தங்கச்சிக்கு மொத ரிமோட்டக் கொடுத்துருவான். பச்சச் சட்டதான் அவன்." மடியில் கிடந்த வலையைத் தள்ளிவிட்டார். "ஆத்து முகத்துவாரத்துல முழுகிப் போயிட்டான். அதுக்கப்புறந்தான பெட்டிய ரெண்டாவது தடவ உங்ககிட்ட கொண்டாந்தேன். ரெண்டாவது ஆளு தானா நடக்குறான், என்னன்னு பாருங்கன்னு சொன்னேனே... மறந்துட்டீங்களா?"

இப்போது நினைவு வந்தது. பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சிரித்துக்கொண்டே ரிமோட்டைத் துடைத்துக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத்தான் நகல் எடுத்தேன்.

"தங்கச்சி எங்க அண்ணே?"

அவர் வீட்டுக்குள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன்.

சுவரில் மாலை போட்ட படங்கள் இரண்டு இருந்தன. தங்கச்சியும் தண்ணீரில் போனது, பெட்டியை நான் திருப்பிக் கொடுத்த அதே வாரமாம்.

அன்று இரவே அந்த நகலை அழித்தேன். எங்கள் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தேன். ஆனால் அதற்குள் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. வந்தார்கள், ஏற்றினேன், போனார்கள். போனில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் அடித்தேன். பாதி நம்பர் உபயோகத்திலேயே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஒருவர் அவராகவே அழைத்தார். ஷார்ஜாவிலிருந்து அலாவுதீன். லீவில் வந்தபோது மகளுக்காகக் கேம் ஏற்றிக்கொண்டு போனவர்.

"பாய், சும்மா சொல்லக் கூடாது, சூப்பர் பாய்! எம் மவ ஒத்தையா ஆடுறா, கூட ஒரு ஆளு தானாவே வந்து ஆடுறான். அது எப்படி பண்ணீங்க?"

"அலாவுதீன், அத உடனே பிடுங்குங்க! புள்ள எங்க?"

"என்ன பாய், சரியா கேக்கல... இங்கதான் பீச்சுக்கு வந்திருக்கோம். கூட்டிட்டுப் போன்னு ஒரே அடம். அந்தா, முன்னாடி ஓடுறா..."

லைன் கட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது. யாரும் எடுப்பதில்லை.