பழசாக்கிக் கொடுத்த பை

நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத சங்கதிகளில் ஒன்று, இங்கே வசதியான ஆட்கள்தான் பழைய சாமான்களோடு திரிகிறார்கள் என்பது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் இங்கர் என்ற பெண்மணி. பெரிய வீடு, மலையில் இன்னொரு வீடு, கடலில் சொந்தமாக ஒரு படகு. ஆனால் அவர் தோளில் தொங்கும் தோல்பையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிடி கறுத்து, மூலைகள் தேய்ந்து, மூடியில் கோப்பி சிந்திய வட்டம். ஒருநாள் மனம் பொறுக்காமல், பக்கத்துக் கடையில் பைகளுக்கு மலிவு விற்பனை நடக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "உனக்கு வாங்கப் போகிறாயா?" என்று கேட்டார். "இல்லை, உங்களுக்குத்தான்" என்றேன். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதுவா? இது இப்போதுதானே நன்றாக வந்திருக்கிறது!" என்றார். பிறகு அந்தக் கறுப்பையும் தேய்வையும் தடவிக் காட்டி, "பாட்டினா" என்று ஒரு சொல்லும் சொன்னார். அது பை செய்த கொம்பனியின் பெயராக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தவன் நான். தோல் நாள்பட்டு, வெயிலும் கையும் பட்டு நிறம் மாறி மெருகேறுவதற்குத்தான் அந்தப் பெயராம்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? எங்கள் வீட்டில் புதுச்சாமான் வந்தால் அதைப் புதிதாகவே வைத்திருப்பதுதான் மரியாதை. கதிரையின் பொலித்தீன் உறை தானாகக் கிழியும்வரை கழற்றமாட்டோம். நல்ல கண்ணாடிக் குவளைகள் பங்குச் சுவாமியார் வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும். அவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார், அதுவும் தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டுப் போய்விடுவார். தோல் என்று எங்கள் வீட்டில் இருந்தது பெருநாளுக்குப் போடும் சப்பாத்து மட்டுமே. அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுபோனது மூடிபோட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளி. உப்புத்தண்ணியில் தோல் நிலைக்காது என்று சப்பாத்தைக்கூடக் கோயில் வாசல்வரை கையில்தான் தூக்கிக்கொண்டு போவார்.

என் தங்கை ஜெனி கொழும்புத்துறைப் பக்கம் ஒரு பிரிவில் கிராம சேவையாளர். சனம் இன்னும் விதானையார் என்றுதான் சொல்லும். அவளுடைய பையைத்தான் அவளுடைய கந்தோர், அலுவலகம் என்று சொல்லவேண்டும். முத்திரை, மைப்பெட்டி, பதிவுக் கொப்பிகள், கையெழுத்துக்குக் காத்திருக்கும் கடிதங்கள் எல்லாம் அதற்குள். அப்பா காலமானபோது எனக்கு இங்கே விசா முடிவாகவில்லை. வெளியே போனால் திரும்பி வரமுடியாது. செத்தவீட்டை மச்சான் ஒருவன் பிடித்த ஃபோனில் பார்த்தேன். பெட்டி எடுப்பித்தது, சேமக்காலையில் கிடங்கு வெட்டுவித்தது, வந்தவர்களுக்குச் சோடா கொடுத்தது எல்லாம் ஜெனி. அதைப்பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஏசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். என்னுடைய ஒரு பொருளாவது தினமும் அவள் தோளில் கிடக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு பையை அனுப்பி மன்னிப்பு வாங்கப் பார்த்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

தோல்வேலை செய்யும் ஒரு பெண்ணின் கடைக்குப் போனேன். தோல் என்றால் கறுப்பு அல்லது மண்ணிறம் என்று நினைத்திருந்த எனக்கு, அவித்து உரித்த பனங்கிழங்கின் நிறத்தில் ஒரு பையை எடுத்து வைத்தார். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியது, சாயமே பூசாதது, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார். மூடியில் ஒரு நீளத் தழும்பு. மாடு உயிரோடு இருந்தபோது முள்ளுக்கம்பி கீறியதாம். பழுதான சாமானைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று தழும்பை விரலால் தொட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினேன். நான் மாட்டுக்காக வருந்துகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். தானும் முகம் வாடி, மாடு நல்ல பண்ணையில்தான் வளர்ந்தது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஒருபடியாகத் தழும்பில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வார் அகலமாக இருக்கவேண்டும், தோளை அறுக்கக்கூடாது. எங்கள் கந்தோர்க் கோப்புகள் இந்த நாட்டுத் தாளைவிட நீளமானவை என்பதால், ஒரு கடதாசியை அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். புறப்படும்போது அவர் ஒன்று சொன்னார்: "பிளாஸ்ரிக்கில் கட்டி வைக்காதே, தோலுக்குக் காற்று வேண்டும்." நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றி, விளிம்பெல்லாம் பசைநாடா ஒட்டி, ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஃபோனில் ஜெனிக்குச் சொன்னது இதுதான்: "நல்ல சாமான். பவுத்திரமாய் வை." எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்திரு என்று எங்கள் ஆட்கள் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பை எப்படி?" "நல்லாயிருக்குது அண்ணை." ஆனால் அவள் அனுப்பும் ஒரு படத்திலும் பை இல்லை. குடியுரிமை கிடைத்து, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், விடுப்பு எடுத்துக்கொண்டு மாரி காலத்தில் ஊருக்குப் போனேன். வாசலில் என்னை வரவேற்ற தங்கையின் தோளில், ஏதோ பயிற்சி வகுப்பில் இலவசமாகக் கொடுத்த ரெக்சின் பை. ஒரு பக்கம் பிய்ந்து கம்பியால் கட்டியிருந்தது. அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், நான் சுற்றிய அதே மூன்று பொலித்தீனுக்குள் இருந்தது பை. பிரித்தால் குப்பென்று ஒரு மணம். தோல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பிடிக்காட்டில் சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"நீங்கள்தானே பவுத்திரமாய் வை எண்டனீங்கள்" என்றாள். பிறகு கதிரையில் இருந்துகொண்டு, களைத்த குரலில் சொன்னாள்: "வெள்ளத்துக்கை நிண்டுபோட்டு நிவாரணப் பதிவுக்கு வாற சனம் அண்ணை. அதுகளுக்கு முன்னாலை உந்தப் பையைத் தூக்கி மேசையிலை வைக்கச் சொல்லுறியளோ? வெளிநாட்டுக் காசிலை மினுங்கிறாள், இவளுக்கு எங்கடை கஸ்ரம் விளங்குமோ எண்டு கேப்பினம். ஒரு பேரைப் பதிய மறந்தாலும் உந்தப் பையைத்தான் காட்டுவினம்."

நான் இதை யோசித்திருக்கவே இல்லை. கோப்பின் நீளத்தை அளந்த எனக்கு, அந்தக் கோப்பில் பெயர் எழுத வரும் ஆட்களை நினைக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "பழசெண்டால் தூக்குவியோ?" என்று கேட்டேன்.

"பழசெண்டால் ஆர் பாக்கப் போயினம்?" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பையைப் பழசாக்குவதே எனக்கு வேலை. வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்துக் காற்றில் போட்டேன். பூஞ்சணம் போனது, அதன் புள்ளிகள் போகவில்லை. பிறகு எங்கே போனாலும் அது என் தோளில். மீன்சந்தைக்குப் போனேன், சைக்கிள் காண்டிலில் கொழுவிக்கொண்டு மழையில் நனைந்தேன், மச்சானின் வள்ளத்தில் ஏறி உப்புத்தண்ணி பட்டு வந்தேன். அங்கர் பால்மாப் பெட்டி, பாண், ஒருநாள் நண்டுகூட அதற்குள் பயணம் செய்தன. நோர்வேக் கடைக்காரி கண்டிருந்தால் பொலிசுக்கு அறிவித்திருப்பார். வெயில் எறித்த நாட்களில் முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டேன். பனங்கிழங்கு நிறம் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறமாகியது. ஒருநாள் நான் குளிக்கப் போன நேரம், தோல் வறண்டுகிடக்கிறதென்று இரக்கப்பட்டு ஜெனி ஒரு கை தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டாள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புத் திட்டு. நான் ஐயோ என்று கத்த, "பழசாகவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்" என்றாள். இருவரும் சிரித்தோம். வந்து மூன்று கிழமைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

தெருவில் கண்டவர்கள் எல்லாம் "எப்ப வந்தனீங்கள் எப்ப போறியள்?" என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். இடையில் ஒரு கமாவுக்குக்கூட இடமில்லை. பிறந்த ஊரில் எனக்குத் தவணை குறித்துத்தான் கதைக்கிறார்கள்.

ஒரு பின்னேரம் மெழுகுதிரிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் சேமக்காலைக்குப் போனோம். அப்பாவின் கல்லறையில் கொளுத்தி முடிக்கவில்லை, மழை. பைமூடியை மெழுகுதிரிக்கு மேலே குடையாகப் பிடித்தேன். கையிலிருந்த இன்னொரு திரி சரிந்து மெழுகு மூடியில் கொட்டிவிட்டது. "அப்பா, வரமுடியேல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, மிச்சம் அழுகையாகப் போயிற்று. வீட்டில் ஜெனி கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "செத்தவீட்டண்டு அந்த ஃபோனைப் பிடுங்கி எறியவேணும் போலை இருந்தது அண்ணை."

"எறிஞ்சிருக்கலாம்" என்றேன்.

மெழுகின் தடம் மட்டும் போகாமல் கிடந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும்" என்றாள்.

நான் புறப்படும் நாள் காலையில் எழுந்தபோது, முத்திரையும் கொப்பிகளும் ரெக்சின் பையிலிருந்து தோல்பைக்கு மாறியிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப மாற்றிவிடுவாளோ என்ற பயம்தான். விமான நிலையத்துக்குப் போக வாடகைக்குப் பிடித்த வானை அவளுடைய கந்தோரடியில் நிறுத்தச் சொல்லி, விடைபெற இறங்கினேன். முந்தின நாள் மழையில் வீட்டுக்குள் தண்ணி வந்தவர்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றார்கள். ஜெனி பையை மேசையில் வைத்தாள். முன்னால் நின்ற ஒரு முதியவர், நனைந்த கடதாசிகளைக் கையில் வைத்தபடி பையையே பார்த்தார். கறுத்த திட்டு, உப்பு வரி, மெழுகுத் தடம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்ல பழைய பை மிஸ். உங்கடை அப்பான்ரையோ?"

ஜெனி கொப்பியைப் பிரித்துக்கொண்டே, "ஓம், அப்பான்ரை" என்றாள்.

முதியவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் சப்பாத்தைப் பார்த்தார், வானுக்குள் கிடந்த பெட்டியைப் பார்த்தார். "உவர் ஆர், வெளியிலையிருந்து வந்தவரோ?"

"என்ரை அண்ணை" என்றாள். "இண்டைக்குப் போறார்."

"அப்ப சந்தோசமாய்ப் போட்டு வாங்கோ தம்பி" என்று அவர் வாழ்த்தினார். பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள். நான் வரிசைக்கு இடம்விட்டு விலகி நின்றேன்.