படுத்தே இருக்க வேண்டும் என்ற விதி

தனியார் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் ஃபைல்கள் அப்போது, சுகாதார இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த என் மேஜையில் இருந்தன. சோதனைக்குப் போகும் அதிகாரியோடு நானும் போய், அவர் சொல்வதைக் குறித்து வந்து டைப் அடிக்க வேண்டும். அவரும் டாக்டர்தான். கோட்டயம் பக்கத்துக்காரர். எதையும் நிதானமாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் ஆரியசாலைச் சந்தில் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். கீழே மிளகாய், மளிகை மொத்தக் கடைகள், மாடியில் வார்டு. நடத்தியவர் நாகர்கோவிலைச் சேர்ந்த லேடி டாக்டர். மிளகாய் வற்றல் நெடிக்குப் பயந்து தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தார்.

முந்தின நாள் பிரசவித்த பெண் ஒருத்தி, நர்ஸின் தோளைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். அதிகாரி நின்றுவிட்டார். பிரசவித்தவள் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது என்பது பழைய விதி. மீறினால் லைசென்ஸ் கிடைக்காது.

"படுத்தே கெடந்தா காலுல ரத்தம் கட்டும்லா சார்? இப்ப பெரிய ஆஸ்பத்திரியிலயெல்லாம் மறுநாளே நடக்க விடுதாங்க. நீங்களும் டாக்டர்தானே?" என்றார் லேடி டாக்டர்.

"எனக்கு அறியாம், டாக்டரே. பக்ஷே ரூல்ல அப்படி இல்லல்லோ." தெரியும், ஆனால் விதியில் அப்படி இல்லையே என்று மலையாளம் கலந்து சொன்னார் அதிகாரி.

"அப்பம் ரூலை மாத்துங்க."

அன்று எனக்குச் சொல்லி எழுதவைத்த அறிக்கையில் அதிகாரி விதி மீறப்பட்டதைப் பதிவு செய்தார். அடுத்த பத்தியில், அந்த விதி இன்றைய வைத்தியத்துக்கு ஒவ்வாதது, திருத்தப்பட வேண்டும், அதுவரை ஆஸ்பத்திரிக்குத் தற்காலிக அனுமதி தரலாம் என்றார். பிந்தியதை எழுதும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

மேலிடத்திலிருந்து பதில் வருவதற்குள், அதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை கரமனை வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். என் மாமியார் கட்டிலுக்குக் குறுக்கே நின்றிருந்தார்.

"எழுந்து நடக்கச் சொல்றா அந்த டாக்டர். நம்மாத்துல பிள்ளை பெத்தவ யாராவது மறுநாளே எழுந்து நடமாடினது உண்டா? உங்க ஆபீஸ் சட்டமும் படுக்கத்தானே சொல்றது? நீங்களே சொல்லுங்கோ, மாப்பிள்ளை."

அறிக்கையை டைப் அடித்தபோது இல்லாத பயம் எனக்கு அப்போது வந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"படுத்துப் படுத்து முதுகு ஒடியறது. உங்க சட்டத்துக்கு முதுகு வலிக்குமோ?" என்று சொல்லி என் மனைவி காலைக் கீழே வைத்தாள். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். ஜன்னல் வரை நடந்து திரும்பினோம். மாமியார் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மழை ஓய்ந்த பிறகு, விதிகளைத் திருத்துவது பற்றிப் பேச மேலிடத்தில் டாக்டர்களையும் நர்ஸ்களையும் அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். 'நடைமுறையில் உள்ள வைத்திய முறைப்படி' என்று விதியை மாற்றலாம் என்றார் எங்கள் அதிகாரி. சட்டப் பிரிவுக்காரர் ஒப்பவில்லை.

"நடைமுறை எதுன்னு யார் சொல்றது? ஆளுக்கு ஒண்ணு சொன்னா கோர்ட்டில் நிற்குமா?"

அவர் கேட்டதும் நியாயமாகவே பட்டது. பிறகு ஆரியசாலை டாக்டர், "எப்ப எழும்பணும்னு அந்தந்த டாக்டர் தீர்மானிக்கட்டும். மத்த விதிகளைத் தெளிவா எழுதுங்க. ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா இதே மாதிரி கூடிப் பாக்கணும்னும் சேத்து எழுதுங்க" என்றார். சட்டப் பிரிவுக்காரர் யோசித்துத் தலையசைத்தார்.

புதிய விதிகள் அச்சாகி வந்ததும், ஒரு பிரதியைக் கொடுக்க அதிகாரியோடு ஆரியசாலைக்குப் போனேன். லேடி டாக்டர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார்.

"பிள்ளையத் தாய்கிட்ட இருந்து பிரிச்சு வேற ரூம்ல போடணும்னு இன்னும் இருக்கே சார்?"

அதிகாரி சிரித்துவிட்டார். ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்த விதிக்கென்று என்னைப் புது ஃபைல் ஒன்று திறக்கச் சொன்னார்.