பனிமலையில் எங்கே சாப்பிடலாம்?

1. முதல் நாள் கேள்வி

பனிமலைக்கு முதன்முதலாகக் கோச் பஸ் ஓட்டிப் போன நாளில் எனக்கிருந்த பயமெல்லாம் பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் செயின் மாட்டுவதைப் பற்றித்தான். அதை ஒருவழியாக மாட்டி, வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலே கோச் பார்க்கில் கதவைத் திறந்தேன். முதலில் இறங்கிய அம்மா கேட்டார்: "டிரைவர், இங்க எங்க நல்லா சாப்பிடலாம்?"

எனக்குத் தெரியாது. சறுக்கப் போகிறவர்களைச் சரிவில் ஏற்றும் ஸ்கீ லிஃப்ட் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. மனைவி கவிதா நர்ஸ். அவளுடைய வேலைக்குக் கிடைத்த விசாவில் மெல்பர்ன் வந்து, ட்ருகனினா என்ற புறநகரில் வீடு வாங்கி, ஹெவி வெஹிக்கிள் லைசென்ஸ் எடுத்து ஒரு சிறிய டூர் கம்பெனியில் சேர்ந்தேன். குளிர்காலம் முழுக்க விக்டோரியாவின் பனிமலை ஊர்களுக்குத்தான் ஓட்டம். மலைக்குப் போனால் நான் சாப்பிடுவது கவிதா கட்டித் தரும் தயிர்சாதம், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி. வெளியே எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசியமே வரவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் கிரெக்கும் அதையேதான் சொன்னார். "பத்திரமா ஏத்து, பத்திரமா இறக்கு. சாப்பாடு அவங்க பாடு."

புதிதாக வரும் டிரைவர்களுக்கு ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் அடியில் இருக்கும் பெரிய கேஃபடீரியாவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் மதியம் ஸ்கீ பூட்ஸ் போட்ட கூட்டம் வாசல்வரை நிற்கும். கையில் தட்டு வரும்போது சிப்ஸ் ஆறிப்போயிருக்கும். ஹோட்டல்களில் சமையல் நன்றாக இருக்கும், ஆனால் பலவற்றில் ராத்திரி மட்டும்தான், அதுவும் முன்பதிவு செய்தால்தான். பப்பில் பர்கரும் ஷ்னிட்செல் என்ற பொரித்த இறைச்சியும் உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும் அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் சிப்ஸ்தான். சூப் கேட்டால் அதில்கூட பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு, கிடக்கும். வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோனால் அந்தக் குளிரில் கல்லாகிவிடும். புளிசாதம் தாங்கும்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு.

2. மூடிய கதவு

மெல்பர்னின் டண்டினொங் பகுதியிலிருந்து ஒரு தமிழ் மூத்தோர் குழு. கூட்டி வந்தவர் யாழ்ப்பாணத்து வதனி அக்கா. ஆள் கெட்டிக்காரி. இறங்கியதும் சுடச்சுட மதியச் சாப்பாடு என்று மேலே ஒரு ரெஸ்டாரன்டில் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். பாதிப் பேருக்கு மரக்கறி, மீதிப் பேருக்கு ஹலால் கோழி. கோச் ஹியூம் ஹைவேயில் ஏறியதுமே மைக்கைப் பிடித்து, "ஒருத்தரும் கண்டதையும் திண்டு வயித்தை நிரப்பாதேங்கோ, மேலை நல்ல சாப்பாடு இருக்கு" என்று அறிவித்தார்.

மலையடியில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. செயின் மாட்டும் இடத்தில் நீண்ட வரிசை. மேலே போய்ச் சேரும்போதே வெகுவாகத் தாமதம். கோச் பார்க்கிலிருந்து ஊருக்குள் போக ஷட்டில் வண்டி உண்டு. அன்று எல்லாரும் வயதானவர்கள் என்பதால் நானும் கூடவே போனேன்.

ரெஸ்டாரன்ட் கதவில் கையால் எழுதிய ஒரு தாள். குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்து சமையலறைக்குள் வெள்ளமாம். அன்றைக்குத் திறக்க மாட்டார்களாம்.

வதனி அக்கா கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்ப நான் இந்தச் சனத்துக்கு எங்கை சாப்பாடு தேடுறது?"

நான் பதில் சொல்வதற்குள் ஜெஸீமா அன்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கல்முனைக்காரர். கணவர் ஹமீது அங்கிளோடு வந்திருந்தார். அன்ரியின் முகம் வெளுத்திருந்தது.

"மகன், இவர் பஸ்ஸுக்குள்ளயே இன்சுலின் போட்டுட்டார். இறங்கினவுடன சாப்பாடு எண்டுதானே சொன்னீங்க."

"அங்கிள் இப்ப எங்க அன்ரி?"

"டொய்லட்டுக்குப் போறன் எண்டு போனவர். இன்னும் காணல்ல. ஃபோனும் பேரீச்சம்பழமும் பேக்குக்குள்ள. பேக் பஸ்ஸுக்குள்ள."

3. பனியில் தேடல்

டாய்லெட்டில் அவர் இல்லை. கேஃபடீரியா வரிசையிலும் இல்லை. வெளியே எதிரில் வருகிறவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. கவிதாவுக்கு ஃபோன் செய்தேன். நல்லவேளை, டீ பிரேக்கில் இருந்தாள்.

"சாப்பிடாம இன்சுலின் போட்டுட்டாரா? சுகர் கீழ போயிடுங்க. குழம்பிப் போவாரு, குடிச்சவர் மாதிரி நடப்பாரு, எங்கயாவது உக்காந்துடுவாரு. நீங்களே தேடிட்டு நிக்காதீங்க. ஸ்கீ பட்ரோல்கிட்ட உடனே சொல்லுங்க. பாத்ததும் ஜூஸ் குடுங்க, அப்புறம்தான் சாப்பாடு."

'எங்கயாவது உக்காந்துடுவாரு' என்ற சொல் எனக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பனியில் ஒருவர் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அவர் மேலும் வெள்ளை மூடிவிடும். பக்கத்தில் நடந்து போனாலும் தெரியாது.

பனிமலை மீட்புக் குழுவான ஸ்கீ பட்ரோலின் அறை லிஃப்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்த பெண் நான் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவை எடுத்துவிட்டார். வயதானவர், பழுப்புத் தொப்பி, நீரிழிவு, தனியாக இருக்கிறார் என்று அறிவித்தார். இரண்டு பேர் உடனே கிளம்பினார்கள். "நீங்க லாட்ஜ் இருக்கிற தெருப் பக்கம் பாருங்க" என்று என்னையும் அனுப்பினார்.

லாட்ஜ்களுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி வைக்கிற சந்துகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பனி மூடிய மேடு எதைப் பார்த்தாலும் ஆள் மாதிரி இருந்தது. ஒன்றைக் கையால் தோண்டிப் பார்த்தேன். விறகுக் கட்டை. "அங்கிள்! ஹமீது அங்கிள்!" என்று கத்தினால் என் குரல் பனிக்குள் அப்படியே அமுங்கிப் போனது. அன்ரியிடம் திரும்பிப் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தபடியே அடுத்த சந்துக்குள் நுழைந்தேன்.

அப்போது ஒரு பின்கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஒரு தாத்தாவைத் தேடுறியா? உள்ள வா. கதவச் சாத்து, குளிருது."

4. லின் அம்மாவின் சமையலறை

உள்ளே பெரிய மேசை. அதன் முனையில் தோளில் கம்பளியோடு ஹமீது அங்கிள். முன்னால் காலியான ஜூஸ் கிளாஸ். கையில் கரண்டி. கிண்ணத்தில் ஆவி பறக்கும் பூசணி சூப்.

என்னைப் பார்த்ததும், "வாங்க மகன், இரிங்க. சூப்பு நல்லாரிக்கி. மொளகுதான் காணா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். ரெஸ்டாரன்ட் மூடியிருப்பது தெரிந்ததும், அன்ரியைப் பதறவைக்காமல் தானே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிடலாம் என்று அங்கிள் நழுவியிருக்கிறார். கேஃபடீரியா வரிசையைப் பார்த்துவிட்டு வேறு கடை தேடி நடந்தவருக்குச் சந்தில் கைகால் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வெங்காயம் வதக்கும் வாசம் வந்த கதவைத் தட்டியிருக்கிறார். அது ஒரு ஸ்கீ கிளப்பின் மெம்பர்கள் தங்கும் லாட்ஜ். கடையல்ல. அங்கே சமையல் செய்பவர் லின்.

"இந்தக் குளிர்ல நெத்தியெல்லாம் வேர்வை. என் வீட்டுக்காரருக்கும் சுகர் இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? ஜூஸக் கையில குடுத்துட்டுதான் பேரே கேட்டேன்" என்றார் லின் ஆங்கிலத்தில்.

சூப்பை வைத்ததும் அங்கிள் "நோ போர்க்?" என்று கேட்டிருக்கிறார். லின் பானையைத் திறந்து, கரண்டியால் கிண்டி, அடிவரை காட்டியிருக்கிறார்.

ஸ்கீ பட்ரோலுக்குச் சொன்னோம். அவர்கள் வந்து சுகர் பார்த்து, பயமில்லை என்றார்கள். ஜெஸீமா அன்ரியைக் கூட்டி வந்தேன். வாசலில் நின்று கணவரை மேலும் கீழும் பார்த்தவர், "வீட்ட வாங்க, உங்களுக்கு இரிக்கி" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையை விடவே இல்லை.

"மத்தவங்க சாப்பிட்டாச்சா?" என்று லின் கேட்டார். இல்லை என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு கோச் நிறைய என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க மெம்பர்ஸ் சாயங்காலம்தான் பனியிலேர்ந்து வருவாங்க. அவங்க டின்னர உங்களுக்குப் போட்டா, திருப்பிச் சமைக்க எனக்கு ஆள் வேணும்."

"ஆளுக்கா பஞ்சம்?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற வதனி அக்கா, ஜாக்கெட் கையை மடித்தபடி.

குழுவை இரண்டு பந்தியாக உட்காரவைத்தோம். சூப், ரொட்டி, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு. யாரோ கைப்பையிலிருந்து மிளகாய் இடித்த கட்டுச்சம்பல் டப்பாவை எடுத்தார்கள். ஒருவர் சாப்பிட, இன்னொருவர் காய் நறுக்க, சமையலறைக்குள் ஒரே சிரிப்பு. லின்னிடம் ஒரு பை மைசூர்ப் பருப்பு இருந்தது. வதனி அக்கா அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சி, உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்துவைத்தார். பனியிலிருந்து திரும்பிய கிளப் மெம்பர்கள், தங்கள் சூப் போன இடம் தெரியாமல் பருப்பை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அதற்கு டொமேட்டோ சாஸ் கேட்டார். மற்றவர்கள் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள்.

நானும் அங்கேதான் சாப்பிட்டேன். அந்த மலையில் மேசையில் உட்கார்ந்து நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

5. இறக்கம்

கீழே இறங்கும்போது பனி நின்றிருந்தது. கோச்சுக்குள் முன்சீட்டில் ஹமீது அங்கிள் வாயைத் திறந்து குறட்டை விட்டார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜெஸீமா அன்ரி திரும்பி, "எழுப்பிராதீங்க. இந்தச் சத்தம் இண்டைக்கித்தான் எனக்கு இனிக்கிது" என்றார். நான் கண்ணாடியில் பார்த்துவிட்டு கியரைக் குறைத்தேன். காலையிலிருந்து இறுகியிருந்த தோள் அப்போதுதான் தளர்ந்தது.

அதற்குப் பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். நல்ல சாப்பாடு மலைமேல் இருந்தாலும் முதல் சாப்பாடு மலையடி ஊர் பேக்கரியில்தான். பை என்னும் சூடான பலகாரம், மரக்கறி பேஸ்ட்ரி, டீ. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மேலே ஏறுவேன். சாப்பாட்டு நேரத்தோடு மருந்து எடுப்பவர்கள் யார் என்று கிளம்பும்போதே கேட்டுக்கொள்வேன். தட்டு கண்முன்னால் வரும்வரை ஊசி வேண்டாம் என்று மைக்கில் சொல்வேன். மருந்துப் பையைக் கோச்சில் விட்டுவிட்டு யாரையும் இறங்க விடமாட்டேன். மேலே போனதும், நானே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்த இடத்தை மட்டும்தான் கைகாட்டுவேன்.

இதனால் தாமதமாகிறது என்று கிரெக் முதலில் குறைப்பட்டுக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். மறு வாரமே எல்லா டிரைவர்களுடைய பயண அட்டவணையான ரன் ஷீட்டிலும் பேக்கரி நிறுத்தத்தைச் சேர்த்துவிட்டார்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எங்கே சாப்பிடலாம் என்று பயணி கேட்டால், அது வழி கேட்பதல்ல. பசிக்கிறது என்று சொல்கிறார். பதில் தெரியாமல் கையை மட்டும் காட்டாதீர்கள். தெரியாவிட்டால் கூடவே நடந்து போங்கள்.