பங்காளிக் கணக்கில் வராத நோய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாக மனசுக்குள் உழன்றுகொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வயல் உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை உண்டு. அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. எழுதினால் மகளின் வாழ்க்கைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

பாபநாசத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு வயிறு உப்பிக்கொண்டே போனது. வாயு என்று கஷாயம் குடித்துப் பார்த்தாள். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனபோது சினைப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. குடும்பம் என்றால் எங்களுக்கு அப்பா வழிதான். நிலத்தில் பாத்தியதை உள்ள பங்காளிகள். அவர்கள் எல்லோரும் வயசாகித்தான் போனார்கள்.

"அம்மா எப்படி இறந்தாங்க?"

"வயித்துல கட்டிங்க."

"அம்மா கூடப் பொறந்தவங்க?"

"ஒரு சித்தி. மாருல புண்ணு வந்து போய்ச் சேந்தாங்க. ஆனா அவங்க வேற வகையறா ஆச்சுங்களே."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "அதத்தாம்மா முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார்.

அக்காவின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். மரபணு ஒன்றில் பழுது என்று பதில் வந்தது. எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உடம்புக்குள் ஏற்படும் உடைப்பை அடைக்கிற வேலை அந்த மரபணுவுக்கு. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று ஜோடியாக இருக்கும், ஆற்றங்கரைக்கு இரண்டு காவல் போட்டதுபோல. எங்களில் சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு காவல் இல்லை. மிச்சமுள்ளவனும் எங்காவது அசந்தால் கரை போய்விடும். எல்லோருக்கும் போகும் என்றில்லை. பிள்ளைகளுக்கு இறங்குவதும் பாதிக்குப் பாதிதான்.

கூடப் பிறந்தவனும் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாப்ள, உனக்கென்ன சினைப்பையா இருக்கு?" அந்த நிலையிலும் அக்கா சிரித்துவிட்டாள். ஆண் வழியாகவும் இறங்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு மகள் ஞாபகம் வந்தது. ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருந்தது.

வீட்டில் சொல்ல ஆளில்லை. மனைவி போய் வெகு நாளாயிற்று. மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வலங்கைமானுக்கு, மகள் வீட்டுக்குப் போனேன். அவள் பரிசோதனை செய்துகொண்டால் போதும், அது ஒன்றுதான் எனக்கு. விஷயத்தைச் சொன்னதும் சம்பந்தியம்மா காபி டம்ளரை என் கைக்குத் தராமல் தரையில் வைத்தார்.

"பொண்ணு குடுக்கையில இதச் சொல்லலியே அண்ணே."

"அப்ப எனக்கே தெரியாதும்மா."

"தெரியாமலே இருந்திருக்கலாம். இங்க குடுத்தப்புறம் அவ எங்க வீட்டுப் பொண்ணு. உங்க வீட்டுச் சீக்கு இங்க எதுக்கு வருது?"

மகள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நடவு முடிந்தது. களை எடுத்தாயிற்று. அவளிடமிருந்து போன் இல்லை. களையெடுக்க வந்தவர்கள் குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா கோவில் மரத்தை வெட்டிய சாபம் என்றும் ஒரு பேச்சு. தாத்தா எந்த மரத்தையும் வெட்டியதாக நான் கேட்டதில்லை. அறுப்புக்கு முன்பே அக்கா போய்விட்டாள். அடக்கத்துக்கு மகள் வந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றுவிட்டு, கல்லறையிலிருந்து அப்படியே திரும்பிவிட்டாள். அன்றைக்குப் பூசையில் என்னால் பதில் ஜெபம் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், வரப்பில் நிற்கையில் போன் வந்தது.

"தஞ்சாவூர்ல இருக்கோம்ப்பா. அவரும் வந்திருக்காரு. போன தடவ வந்தப்பவே ரத்தம் குடுத்தாச்சு. எனக்கும் இருக்குப்பா."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருக்குன்னுதான் சொல்றேன். வந்துடுச்சுன்னு சொல்லல. வருஷா வருஷம் பாத்துக்கணும். இன்னொரு பிள்ள பெத்துகிட்டப்புறம் சினைப்பைய எடுத்துடலாங்கறாங்க."

"உங்க மாமியா?"

"முகம் குடுத்துப் பேசல. பேசுறப்ப பேசட்டும்."

"என் மேல கோவமாம்மா?"

"கோவந்தான். சொல்லாம இருந்திருந்தீங்கன்னா இன்னும் கோவப்பட்டிருப்பேன். வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

இப்போதும் அவள் இங்கே வருவது குறைவு. ஞாயிற்றுக்கிழமை நான் ஒருத்தன்தான் சாப்பிடுகிறேன். ஜெபக்கூட்டத்தில், மகள் குணமானதைச் சாட்சியாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவளுக்கு நோயே வரவில்லை, குணமாவதற்கு என்ன இருக்கிறது? செய்யாத ஒரு புதுமையை, அற்புதத்தை மாதா பேரில் எழுத எனக்குத் துணிவில்லை. மகளிடம் கேட்டேன். "பேர் போடாம நடந்ததை எழுதுங்கப்பா" என்றாள்.

எழுதிவிட்டேன். இதைப் படித்தவர்கள், யாருக்கு என்ன நோய் வந்தது என்று உங்கள் வீட்டில் சொல்லுங்கள், பெண் கொடுத்த பக்கமும் எடுத்த பக்கமும் சேர்த்துச் சொல்லுங்கள். சாபம் என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம், அற்புதம் என்றும் சேர்க்க வேண்டாம். அம்மாவுக்கும் சித்திக்கும் வந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.