சூடு பட்ட பாக்கெட்டுகள்

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள் இவர்கள்தான். நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் அண்ணாச்சி; மாடி அவருடையது. அதே மில்லில் வேலை பார்க்கும் அவர் தம்பி. பாளையங்கோட்டையிலிருந்து வந்த டீச்சர், அவர் கணவர். அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்யும் நண்பர்கள் இரண்டு பேர். புன்னக்காயல்காரர் ஒருவர்; துறைமுகத்தில் கன்டெய்னர் கதவின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எண்ணை எழுதிக்கொள்வது அவர் வேலை. எட்டாவது ஆள் நான். விக்கிரமசிங்கபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அண்ணாச்சியின் மனைவி இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவரையும் சேர்த்தால் ஒன்பது.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த மாடியில் மற்ற ஏழு பேரையும் நான் ஏமாற்றியிருந்தேன். அது அன்றைக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் வேண்டுதல்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது ரம்மி மாதிரி சீட்டு இல்லை. சண்டை போடும் மிருகங்களும் மந்திரங்களும் அச்சடித்த கார்டுகள். பாக்கெட்டில் அடைத்து விற்பார்கள். பிரிக்கிறவரை உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பாக்கெட்டுக்குப் பதினான்கு கார்டு, அதில் ஒன்று மட்டும் பொன் விளிம்பு போட்டது. பொன் விளிம்பிலும் பெரும்பாலானவை பத்து இருபது ரூபாய்கூடப் பெறாது. ஒரு பெட்டிக்கு இரண்டோ மூன்றோ, ஆயிரம் இரண்டாயிரம் என்று விலை போகும்.

நாங்கள் ஆடுவது டிராஃப்ட். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும். மறுபக்கத்திலிருந்து வருவதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி தள்ள வேண்டும். மூன்று பாக்கெட் இப்படிச் சுற்றி முடிந்தால் கையில் நாற்பத்திரண்டு கார்டு நிற்கும். அதில் இருபத்துமூன்றைப் பொறுக்கி, பொது டப்பாவிலிருந்து நிலக் கார்டு பதினேழு சேர்த்து நாற்பதாக்கினால் அது அன்றைக்கு உங்கள் டெக். நிலம் கையில் வந்தால்தான் மற்றதை இறக்க முடியும். வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது. வந்ததை வைத்துக் கட்ட வேண்டும்.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. டிராஃப்டில் எடுத்த பொன் விளிம்பு எடுத்தவருக்குச் சொந்தமில்லை. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு ஜெயித்தவர், பெட்டியின் இருபத்துநான்கு பாக்கெட்டிலும் வந்த பொன் விளிம்புகளைப் பாயில் வரிசையாகப் பரப்புவார். அவர் முதலில் ஒன்று எடுப்பார், அடுத்து இரண்டாமவர், அப்படியே எட்டாவது ஆள் வரை மூன்று சுற்று. விலைக்கு ஆசைப்பட்டு டெக்குக்கு உதவாத கார்டை யாரும் அமுக்கிவிடக் கூடாது என்று அண்ணாச்சி கொண்டுவந்த ஏற்பாடு.

பெட்டி வாங்கித் தருவது என் பொறுப்பு. உதிரி பாகம் வருகிற கடை என்பதால் கூரியர்காரர் தினமும் என்னிடம் வருவார். பெட்டி ஒன்பதாயிரத்து அறுநூறு, ஆளுக்கு ஆயிரத்து இருநூறு. அந்த மாதம் ஒரு வாடிக்கையாளரின் வளைந்த டிஸ்பிளேயை நெம்பும்போது என் கை தவறி அது கீறல் விட்டுவிட்டது. அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. புதுசு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன், மூவாயிரத்து அறுநூறு ஆனது. அந்த வாரமே ஏதோ ஊர்க்காரன் ஒருவன் அதே பெட்டியை, சீல் பிரிக்காதது என்று போட்டு, ஆறாயிரத்துக்கு விற்பதைப் போனில் பார்த்தேன். வித்தியாசம் மூவாயிரத்து அறுநூறு. அந்தப் பொருத்தத்தைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படாமல், சாமி காட்டிய வழி என்று எடுத்துக்கொண்டேன்.

பார்சல் வியாழக்கிழமை வந்தது. போனின் பின்மூடியை ஹீட் கன்னால் சூடாக்கி, பசை இளகியதும் தகட்டை விட்டு நெம்பி, வேலை முடிந்ததும் மறுபடி சூடு காட்டி அழுத்தி ஒட்டுவது என் அன்றாடப் பிழைப்பு. கொண்டுவந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். சூடு பட்ட இடம் லேசாகச் சுருங்கி, எண்ணெய் தொட்டு வைத்த மாதிரி மினுங்கும். பாக்கெட்டின் அடி ஒட்டில் அந்த மினுக்கம் இருந்தது. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தொன்பது வரை பார்த்தேன், பத்தொன்பதும் அப்படித்தான். யாரோ பிரித்து, விலை போகிற கார்டை உருவிக்கொண்டு மலிவானதை வைத்து ஒட்டியிருக்கிறான். மீதி ஐந்தைப் பார்க்க மனசு வரவில்லை. விற்றவனுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பார்க்காமல் விட்ட ஐந்திலாவது நல்லது ஒன்றிரண்டு இருக்கும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்தவன் ஐந்தை மட்டும் எதற்கு விட்டுவைக்கப் போகிறான் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். தகரக் கூரை, மேலே ஒரே ஒரு ஃபேன்.

"என்னலே, கல்யாணப் பத்திரிகையா பிரிக்கே? கிழிலே சட்டுனு," என்றார் அண்ணாச்சி.

பிரித்தேன். என் பொன் விளிம்பு, நாங்கள் தவளை என்று கூப்பிடுகிற கார்டு. எட்டு நிலம் வேண்டும் அதை இறக்க. இறக்கினாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். சந்தைக்குப் போனால் பத்து ரூபாய். பக்கத்தில் தள்ளிவிட்டு, எல்லாரும் கிழித்துப் போட்ட உறைகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு கேரி பேக்கில் திணித்தேன்.

"இன்னைக்கு என்ன வே, பெருக்கிக் கோலம் போடப் போறீரா?" என்றார் புன்னக்காயல்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வழக்கமாக நான் எப்படிக் கட்டுவேன் என்று சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கார்டில் இருக்கிற இங்கிலீஷை ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் போட்டுப் பார்த்துத்தான் படித்தேன். அதனாலோ என்னவோ, அடுத்தவர் என்ன வைத்திருப்பாரோ என்ற பயம் எனக்குக் கொஞ்சம் அதிகம். பறக்கிறதை வைத்து அடித்தால் என்ன செய்வது, பெரிய மிருகத்தை இறக்கினால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு கார்டு எடுப்பேன். நிலம் வராமல் போய்விடுமோ என்று பதினேழுக்குப் பதில் பதினெட்டு வைப்பேன். இருபத்துமூன்றாகக் குறைக்கும்போது கடைசி ஒரு கார்டைத் தூக்க முடியாமல் வேர்த்துவிடும். ஒவ்வொரு வாரமும் கடையில் உட்கார்ந்து, எந்தக் கார்டு கையில் சும்மா கிடந்தது என்று எழுதித் திருத்துவேன். திருத்தித் திருத்தி இன்னொரு தற்காப்பைத்தான் சேர்ப்பேன். தடுக்க எல்லாம் இருக்கும், அடிக்க ஒன்றும் இருக்காது. நாலு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நான் முதலில் வந்தது கிடையாது.

அன்றைக்கு எனக்கு அந்தப் பயங்கள் எதுவும் வரவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், எல்லாரும் பேசிச் சிரித்தபடி எதையாவது எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அதனால் ஒரு நிலம், இரண்டு நிலத்தில் இறங்குகிற குட்டி மிருகங்களாக எடுத்தேன். யோசிக்காமல் எடுத்தேன். டெக் கட்டும்போது பெரிய கார்டு அத்தனையையும் தூக்கிப் போட்டேன். இருபத்துநான்கு குட்டி, நிலம் வெறும் பதினாறு. ஐந்து நிமிஷத்தில் கட்டிவிட்டேன்.

இரண்டாம் பாக்கெட் சுற்றும்போதே டீச்சர் சொல்லியிருந்தார். "தம்பி, இந்தத் தவளை இத்தோட மூணாவது தடவை என் கையில வருது."

"அதுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் அவர் கணவர்.

டீச்சர் சிரிக்கவில்லை. எந்தக் கார்டு எப்போது போனது, எப்போது திரும்பி வரும் என்று மனசுக்குள் எண்ணி வைக்கிறவர் அவர். மூன்றாம் பாக்கெட்டில் ஒவ்வொரு பொன் விளிம்பையும் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தள்ளினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் அம்பாசமுத்திரத்துக்காரர்களில் ஒருவரைப் பத்தே நிமிஷத்தில் முடித்தேன். இரண்டாவதில் டீச்சரின் கணவர். எல்லாரும் கடைசியில் பெரிய கார்டு ஒன்று வந்து காப்பாற்றும் என்று நிதானமாகக் கட்டியிருந்தார்கள். அப்படிக் காப்பாற்றுகிற கார்டு எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாவது, கடைசி ஆட்டம் அண்ணாச்சியோடு.

"எவன்லே இவன்? எப்பவும் கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடப்பான். இன்னைக்கு மிதிச்சுக்கிட்டு வாரான் பாரு," என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. நான் ஜெயிப்பதில் அவருக்குச் சந்தோஷம்.

தோற்றுவிடலாம் என்று நினைத்தேன். ஜெயித்தால் அந்த இருபத்துநான்கையும் என் கையால் அல்லவா பரப்ப வேண்டும். ஒரு சுற்று அடிக்காமல் சும்மா விட்டேன். அப்போதும் அவருக்கு நிலம் வரவில்லை, இறக்க முடியாத இரண்டு பெரிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அடுத்த சுற்றில் அவரே கையை நீட்டினார். "முடிஞ்சு போச்சு. பரப்புலே."

பரப்பினேன். தவளை ஐந்து. உடைந்த பாலம் என்று ஒரு கார்டு, அது நாலு. கிழட்டு மந்திரவாதி நாலு. இருபத்துநான்கு கார்டில் மொத்தம் ஒன்பதே வகை. எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய் தேறாது.

புன்னக்காயல்காரர் தன் தொடைக்கு அடியிலிருந்து ஓர் உறையை உருவி எடுத்தார். என் கண்ணில் படாமல் தப்பிய உறை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடி ஒட்டைப் பெருவிரலால் நீவிப் பார்த்தார்.

"இது ஒருக்கா தொறந்து மூடுனது வே. கன்டெய்னர்ல கொள்ள பாத்திருக்கேன். சீல் நம்பர் சரியா இருக்கும், கதவு ஆணிய அறுத்துச் சரக்க எடுத்துட்டு மேல பெயிண்ட் அடிச்சிருப்பானுவ." உறையை என் பக்கம் நீட்டினார். "எங்கன வாங்குனீரு?"

பாதியைச் சொன்னேன். வழக்கமான கடையில் வாங்கவில்லை, தெரியாத ஆளிடம் வாங்கினேன், இப்போது அவன் போனை எடுக்கவில்லை.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. "இவன் பயந்தாங்கொள்ளி, இவனப் போயி ஏமாத்தியிருக்கான் பாரு," என்றார் அண்ணாச்சியின் தம்பி. அடுத்த பெட்டிக்கு என்னிடம் பணம் வாங்க வேண்டாம் என்று டீச்சர் சொன்னார். அண்ணாச்சி எழுந்து வந்து என் சட்டைப் பையில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் செருகினார். "ஒம் பங்கு ஆயிரத்து எரநூறும் போச்சுல்லா. வச்சுக்கலே. பொண்டாட்டிகிட்ட ஒண்ணும் சொல்லாத."

அந்த நோட்டு நெஞ்சின் மேல் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் எனக்கு உறுத்துவது அதுதான்: அந்த நோட்டோடு கீழே இறங்கிப் போயிருப்பேன்.

அம்பாசமுத்திரத்துக்காரரில் இளையவர்தான் கேட்டார். "அண்ணே, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட எனக்கு அனுப்புங்க. இப்பவே சைபர்ல கம்ப்ளெயிண்ட் போட்டுருவோம்."

அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். சார்ஜ் இல்லை என்று சொல்லலாம். போன் ரிப்பேர்காரன் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். போனைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஆறாயிரம்னுதான இருக்கு?"

யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. டிஸ்பிளே உடைந்ததிலிருந்து வியாழக்கிழமை லென்ஸ் வைத்துப் பார்த்தது வரை சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. நடுவில் அண்ணாச்சியின் மனைவி டம்ளர் எடுக்க வந்து, முகங்களைப் பார்த்துவிட்டு எடுக்காமலே இறங்கிப் போனார்.

"துறைமுகத்துல நான் தேடிக்கிட்டு அலையுத ஆளு, நாலு வருசமா எனக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு," என்றார் புன்னக்காயல்காரர். சிரிக்காமல் சொன்னார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே, தம்பி," என்றார் டீச்சர்.

அண்ணாச்சி என் பக்கம் வந்தார். குனிந்து, என் பையிலிருந்து அந்த ஐநூறை இரண்டு விரலால் எடுத்து, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார்.

பாயில் கிடந்த கார்டுகளை யாரும் எடுக்கவில்லை. என் நாற்பது கார்டையும் அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு இல்லை. பெட்டியை இப்போது அம்பாசமுத்திரத்துக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று கேள்வி. கடையில் ஆள் இல்லாத நேரம் பழைய கார்டுகளைக் கலைத்துப் போட்டு நானே டெக் கட்டிப் பார்க்கிறேன். மறுபடியும் பதினெட்டு நிலம்தான் வைக்கிறேன். யாரோ மாடிப்படியில் ஏறி வந்து கேட்கப்போகிற மாதிரி, தடுக்கிற கார்டாகவே கை போகிறது. என் கடைக்கு மாடியே கிடையாது.

ஏழு பேருக்கும் முழுசாகத் திருப்பித் தருகிறேன் என்று மறுநாளே எழுதி அனுப்பினேன். எட்டாயிரத்து நானூறு. டீச்சருக்கும் அவர் கணவருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு அனுப்பினேன்; கிடைத்தது என்று ஒரு வார்த்தை வந்தது. புன்னக்காயல்காரருக்கு ஆயிரத்து இருநூறு. பார்த்தார், பதில் போடவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு இதுவரை எழுநூறு. அண்ணாச்சி வீட்டுக்கு இரண்டு தடவை பணத்தோடு போனேன். "அவிய ஷிஃப்டுக்குப் போயிருக்காவ," என்று அவர் மனைவி வாசலிலேயே சொன்னார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சைக்கிளில் என் கடையைத் தாண்டித்தான் மில்லுக்குப் போகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. கொண்டுபோன பணம் இரண்டு தடவையும் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து நூறு ரூபாய்.