அக்கா புருஷனின் கடைவாய்ப் பல்

என் அக்கா புருஷனுக்கு எதுவுமே ஒத்துக்காது. தூசி ஒத்துக்காது, அதனால் துடைப்பத்தைத் தொடமாட்டார். சோப்பு ஒத்துக்காது, அதனால் பாத்திரம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். வேலை பார்ப்பதோ துணிக் கிடங்கில். மூட்டை பிரித்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். அங்கே ஒரு தும்மல் கிடையாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், துரைக்கு மூக்கு ஒழுகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காதான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பெருக்குகிறாள், பெருக்கிவிட்டு இருமுகிறாள்.

கடைவாய்ப் பல் சொத்தையாகி வலித்தபோதும் அதே பாட்டுதான். "இது அலர்ஜி வலி. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" தும்மல் மாத்திரையாக விழுங்கினார். சுவரில் முட்டிக்கொள்ளாத குறையாக அலறிய பிறகுதான் பல் டாக்டரிடம் வந்தார். நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "பல்லுக்குள்ள இருக்கிற சதை வீங்கியிருக்கு. அலர்ஜி வந்தா மூக்கை வீங்க வைக்குதே, உடம்போட காவல்படை, அதேதான் இங்கேயும் கிருமியோட சண்டை போடுது. மூக்குக்கு வீங்க இடம் இருக்கு. பல்லுக்குள்ள சுத்திலும் கெட்டிச் சுவரு. அதான் இந்த வலி."

ஆக, வீட்டிலிருக்கும் நேரத்தில் அவர் உடம்பு முதல் தடவையாக ஒரு வேலை பார்த்திருக்கிறது.

"மரத்துப்போக ஊசி போட்டு அந்தச் சதையை எடுத்துடலாம். ஊசி எதுவும் ஒத்துக்காம போயிருக்கா?"

"அவருக்கு எந்த ஊசியும் ஒத்துக்காது டாக்டர்," என்று அக்கா முந்திக்கொண்டாள். பாவம், அவர் சொல்லி வைத்திருந்ததைத்தான் சொன்னாள்.

"அப்படின்னா இன்னிக்குத் தொடமுடியாது. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

அந்த நேரம் பார்த்து வலி இன்னொரு சுற்று வந்தது. அவர் அக்கா பக்கமே திரும்பவில்லை. "அதெல்லாம் ஒத்துக்கும் டாக்டர். பயத்துல இவகிட்ட சும்மா சொல்லி வச்சேன்."

ஊசி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"அப்போ தூசி?" என்றாள் அக்கா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோப்பு?"

அக்கா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. நெஞ்சு விசிலடித்தது. டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படி இழுக்குது?"

"எனக்கென்ன டாக்டர், தினம் பெருக்குறேன்ல, தூசி போயிருக்கும். எனக்கெல்லாம் அலர்ஜி கிடையாது."