தண்ணீர்த் தொட்டி நிழலில் மூன்று குடுவைகள்

எங்கள் வீட்டில் கள் வாடை அடித்ததற்குக் காரணம் அக்காவின் படிப்பு. கல்லிடைக்குறிச்சியில் இதை ஒருவரும் நம்பவில்லை.

அக்கா நுண்ணுயிரியல் முதுகலை கடைசி வருடம். கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று, பேராசிரியையிடம் கெஞ்சி ஒரு பழைய நுண்ணோக்கியையும் மூன்று கண்ணாடிக் குடுவைகளையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். குடுவைகளில் கருப்பட்டிக் கரைசல், அதில் ஈஸ்ட். இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதைத் தாங்கிப் பழக வைத்த ஈஸ்ட். அப்படிப் பழக்க அவளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து, நீலச் சாயம் கலந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணுவாள். அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் கோடு போடுவேன். எனக்கு ஒன்பது வயது.

“உசுரு இருந்தா நெறமில்லாம தெரியும் ட்டி. செத்ததுதான் நீலமா நிக்கும்” என்பாள். எனக்கோ நீலம்தான் அழகாக இருந்தது. நோட்டில் நீலம் கூடிய நாளில் அக்காவுக்குச் சோறு இறங்காது.

அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஆய்வு நல்லபடியாக முடிந்து பேராசிரியை மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டால் படிக்கலாம். இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். வாக்குக் கொடுத்த கையோடு களக்காட்டிலிருந்து பெண் பார்க்கவும் வரச் சொல்லிவிட்டார். அதுதான் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “வாராவ என்ன நெனைப்பாவ? இங்கன கள்ளா எறக்குதோம்? மொதல்ல இதத் தூக்கி எங்கயாவது வைங்கட்டி!”

அக்காவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அசைய முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். “மாடியில தொட்டி நிழல்ல பைய வையி. வெயில் திரும்புனா நகட்டி வச்சிரு. அடிக்கடி போய்ப் பாக்கணும் என்ன?”

பெரிய பொறுப்பு என்று தலையை ஆட்டினேன். சிந்தாமல் கொண்டுபோய் வைத்தேன். அதுவரை எல்லாம் சரி. பத்தமடைப் பாயில் வந்து உட்கார்ந்தவர்களுடன் ஒரு சிறுமியும் வந்திருந்தாள், கையில் அவள் அப்பாவின் செல்போன். அதில் பழம் வெட்டும் விளையாட்டு. அப்புறம் எனக்கு எந்த ஞாபகமும் இல்லை.

அவர்கள் கிளம்பியபோது சித்திரை வெயில் உச்சியில் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், நிழல் தொட்டியின் காலடியில் சுருங்கிக் கிடந்தது. குடுவைகள் மூன்றும் வெட்டவெளியில். ஐயோ, தொட்டால் கை சுட்டது. ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் நிழலில் நகர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலக் கீழே கொண்டுவந்தேன்.

அக்கா ஒரு குடுவையின் அடியை இரண்டு உள்ளங்கையாலும் வெகுநேரம் பிடித்திருந்தாள்.

“நிழல்லதானட்டி இருந்துச்சு?”

“ஆமாக்கா. நகட்டவே வேண்டியிருக்கல.”

அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள். எத்தனை என்று சொல்லவே இல்லை. பென்சிலோடு காத்திருந்துவிட்டு நானே எட்டிப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் நீலம். அழகாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்லவர்தான். இரண்டு பிள்ளைகள். அக்கா ஒருநாளும் ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. நானும் இன்றுவரை உண்மையைச் சொன்னதில்லை.

என்னை உறுத்துவது மறுநாள் காலைதான். அக்கா முற்றத்தில் நின்று பேராசிரியையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “என் கவனக்குறைவுதான் மேடம். வெயில்ல வச்சிட்டேன். ஆமா மேடம், நான்தான்.” பிறகு அந்தப் பக்கம் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டு, சரி மேடம், சரி மேடம் என்றாள்.

வெயில் என்று நான் அவளிடம் சொல்லவேயில்லையே என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அக்கா பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள், நாம் தப்பித்தோம் என்று இருந்தது. அடுக்களைக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்து மீந்திருந்த கேசரியை வழித்துத் தின்றேன்.